காணாமல் போன பதினோரு வரன்கள்

காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது பொன்மாலை வரன் தகவல் நிலையம். அங்கே பெயர் சொல்லக் கூடாத ஆள் ஒருத்தி வேலை பார்த்தாள். பெயர் சின்னத்தாயி. வரன் பதிவு செய்வது அவள் வேலை. வருகிறவர்கள் எல்லோரும் அவளை "டைப்பிஸ்டம்மா" என்றுதான் கூப்பிட வேண்டும், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது உரிமையாளர் சுப்பண்ணன் போட்ட ஏற்பாடு. பெயரைச் சொன்னால் அடுத்து ஊரைக் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். அந்தப் பக்கம் ஊருக்கு வெளியே இருக்கிற காலனி என்று தெரிந்தால், ஜாதகத்தை நீட்டிய கை பாதி வழியில் நின்றுவிடும்.

"நானெல்லாம் அதப் பாக்கற ஆளில்லீங்க. வார பார்ட்டிக பாப்பாங்கல்ல?" என்பார் சுப்பண்ணன். அதைப் பார்க்கிற ஆளை இதுவரை யாரும் நேரில் சந்தித்ததில்லை. எப்போதும் அடுத்தவர்தான் பார்க்கிறார்.

வருஷம் தொண்ணூற்றேழு. அவளுக்கு வயது முப்பத்தைந்து. சோமனூருக்குப் பக்கத்து ஊர். அம்மா தோட்டங்களில் களை வெட்டியவள். தோட்டத்துக்காரர்களை இன்றைக்கும் "சாமி" என்றுதான் கூப்பிடுவாள். சின்னத்தாயி பத்தாவது முடித்த கையோடு டைப் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் பரீட்சை எழுதி, இரண்டிலும் முதல் வகுப்பு வாங்கினாள். பிறகு பன்னிரண்டு வருஷம் கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடையில் வக்கீல்களுக்கு டைப் அடித்துக் கொடுத்தாள். அங்கே ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாலும், எடுத்த நேரத்தையும் முடித்த நேரத்தையும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். வக்கீல்கள் மத்தியானம் கொடுத்துவிட்டு "காலைல பத்து மணிக்கே குடுத்தனே" என்று சத்தியம் செய்வார்கள். நோட்டைத் திருப்பிக் காட்டினால் சத்தியம் தணிந்துவிடும்.

வரன் நிலையத்துக்கு வந்த பிறகும் அந்த நோட்டு கூடவே வந்தது. "டைப்பிஸ்டம்மா கல்யாணத்துக்கும் கோர்ட்டு மாதிரி வாய்தா எழுதறாங்க" என்று சுப்பண்ணன் கிண்டல் செய்வார். அவள் சிரித்துவிட்டு எழுதுவாள்.

மூன்றே வருஷத்தில் அவளுக்குக் கூட்டம் என்கிற குலப் பிரிவுகள் எல்லாம் மனப்பாடம். ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். ஆகவே வரன் விஷயத்தில் முதல் கேள்வியே கூட்டம்தான். வந்தவர்கள் சொந்த அம்மாவின் கூட்டம் காடையா ஆந்தையா என்று தலையைச் சொறிவார்கள். "உங்க அம்மாவப் பெத்த அம்மாயி ஊரு தாராபுரம் பக்கந்தானுங்க? அப்ப செங்கண்ணனா இருக்கும், கேட்டுப் பாருங்க" என்பாள் சின்னத்தாயி. வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டால் சரியாக இருக்கும். எந்தக் கூட்டத்திலும் அவளுக்கு இடமில்லை. அத்தனை கூட்டத்தின் கணக்கும் அவள் தலையில்தான் இருந்தது.

அந்த வருஷம் தை மாதம் நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஒன்று சின்னத்தாயி மேஜையில், ஒன்று சுப்பண்ணனின் கண்ணாடி அறையில். இரண்டையும் ஒயர் போட்டு இணைத்து, புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் கிருபாசங்கர். நூறடி ரோட்டில் ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இயங்கிய சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. இருபத்தைந்து வயது. என்ன கேட்டாலும் "பேஸிக்கலி" என்று ஆரம்பிப்பான்.

"பேஸிக்கலி இது பழைய மாதிரி இல்லீங்க சார். இதுல ஒவ்வொரு வரனும் ஒரு ஆப்ஜெக்ட். பேரு, நட்சத்திரம், கூட்டம், படிப்பு, போட்டோ எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி ஒரே பொருளா வெச்சுக்கும். சேவ் பட்டனை அமுக்குனாப் போதும். அந்த ஆப்ஜெக்ட் தன்னைத் தானே டேட்டாபேஸ்ல எழுதிக்கும்."

"தானாவே போயி உக்காந்துக்குமா?"

"தானாவேங்க சார்."

"பொண்ணுகளும் இப்பிடித் தானாவே போயி உக்காந்துக்க ஆரம்பிச்சுப்போட்டா, நாம கடையச் சாத்திப்போட்டுப் போக வேண்டியதுதான்" என்றார் சுப்பண்ணன். ஆனால் அவருக்குப் பிடித்துவிட்டது.

பிடிக்காமல் போனது ஒன்றே ஒன்றுதான். சோதித்துக் காட்டும்போது எங்கோ இடறி, திரையில் சிவப்புப் பெட்டிக்குள் 'ஃபேட்டல் எரர்' என்று வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று சுப்பண்ணன் கேட்டார். உயிர் போகிற அளவுக்குத் தப்பு என்று கிருபாசங்கர் விளக்கம் சொன்னான். சுப்பண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"கல்யாணக் காரியம் பேசற எடத்துல இதென்னுங்க தம்பி பேச்சு? எரர், கேன்சல், டெலீட், ஃபெயில், இதுல ஒண்ணு கூட இந்த டிவிப் பெட்டில வரக்கூடாது. சொல்லிப்போட்டேன்."

வாடிக்கையாளர் கேட்டால் செய்துதானே ஆக வேண்டும். அரை நாள் உட்கார்ந்து அத்தனை எச்சரிக்கையையும் எடுத்தான் கிருபாசங்கர். இனி சேவ் அமுக்கினால், உள்ளே என்ன நடந்தாலும் நடக்காவிட்டாலும், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிய நடுவில் 'சுபம்' என்று வரும். வந்தவர்கள் எல்லாம் அந்த விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கம்ப்யூட்டருக்கு உரிய மரியாதைகள் எல்லாம் நடந்தன. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி. திரையின் நெற்றியில் சந்தனம். இதோடு சுப்பண்ணன் தன் கையால் செய்கிற உபசாரம் ஒன்று இருந்தது. அதை அவர் நல்ல நேரம் வைப்பது என்பார்.

விஷயம் இதுதான். பெரிய இடத்துக்காரர்கள் வீட்டிலிருந்து நல்ல நேரம் பார்த்துத்தான் கிளம்புவார்கள். ரயில்வே கேட்டில் கார் நிற்கும். காந்திபுரத்தில் டவுன் பஸ் குறுக்கே நிற்கும். மாடிப்படி ஏறும்போது ராகு காலம் பிறந்திருக்கும். திரும்பிப் போகவும் மனசு வராது, பதியவும் கை வராது. "அதப்பத்தி ஏனுங்க கவலை? பதிவு நேரந்தானுங்க முக்கியம். அத நான் பாத்துக்கறேன்" என்று சுப்பண்ணன் எழுந்து வருவார். சின்னத்தாயி விவரங்களை அடித்து முடித்ததும், சேவ் அமுக்குவதற்கு முன்னால் அவளை எழுந்து நிற்கச் சொல்வார். திரையின் வலது கோடியில் இருக்கிற மணியை இரண்டு தட்டுத் தட்டி, ராகு காலத்துக்கு முந்தைய நேரத்துக்குத் திருப்பி வைப்பார். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அது. பிறகு சேவ். சுபம். பிரிண்டர் கரகரவென்று ரசீது அடிக்கும். அதில் பெண்ணின் விவரத்துக்குக் கீழே 'பதிவு நேரம்: காலை 10.24' என்று பளிச்சென்று இருக்கும். அதைப் பூஜை அறையில் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் படியிறங்கியதும் சுப்பண்ணன் மணியைச் சரியாகத் திருப்பி வைத்துவிடுவார். அந்த விஷயத்தில் நேர்மையான மனிதர்.

இந்த மரியாதை காரில் வந்தவர்களுக்கு மட்டும். பஸ்ஸில் வந்தவர்கள் ராகு காலத்தில் வந்தால் ராகு காலத்திலேயே பதிந்துகொண்டு போக வேண்டியதுதான்.

சித்திரை கடைசியில் முதல் புகார் வந்தது. ஆர்.எஸ்.புரத்து டாக்டர் ஒருவர், தன் பெண்ணைப் பதிந்து இரண்டு மாதம் ஆகியும் ஒரு ஜாதகம் கூட வரவில்லை என்றார். சின்னத்தாயி எண்ணைப் போட்டுப் பார்த்தாள். எண் இருந்தது. உள்ளே பெயர் இல்லை, நட்சத்திரம் இல்லை, ஒன்றும் இல்லை. டாக்டரின் பெண் வெறும் எண்ணாக உட்கார்ந்திருந்தாள். ரசீதின் கார்பன் நகலைப் பார்த்து மறுபடி அடித்து ஏற்றினாள். அப்படியே நின்றது. அடுத்த வாரம் இன்னொன்று. ஆனி பிறப்பதற்குள் பதினொன்று. பதினொன்றும் காரில் வந்த வரன்கள். பஸ்ஸில் வந்தவர்கள் ஒருவர் குறையாமல் அங்கேயே இருந்தார்கள்.

கிருபாசங்கர் வந்தான். முதல் தடவை கரண்டு ஏறி இறங்குவதால் என்றான். ஸ்டெபிலைசர் வாங்கினார்கள். இரண்டாம் தடவை வைரஸ் என்றான். சுப்பண்ணன் பயந்துபோய் மஞ்சள் தண்ணீர் தெளிக்கப் போக, கையைப் பிடித்துத் தடுத்தான். மூன்றாம் தடவை சாம்பிராணிப் புகை என்றான். சுப்பண்ணனோ கண் பட்டுவிட்டது என்று பூசணிக்காய் உடைத்தார். கடைசியில், இப்படித் தேடுகிறவர்கள் எல்லோரும் எங்கே வந்து சேர்வார்களோ அங்கேயே இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

"பேஸிக்கலி, மறுக்கா அடிச்சா நிக்குது பாருங்க சார். அப்ப மெஷின்ல தப்பில்லை. மொதல்ல அடிக்கறப்பத்தான் ஏதோ விட்டுப்போகுது."

சுப்பண்ணன் சின்னத்தாயி பக்கம் திரும்பினார். "ஏம்மா, பெரிய எடமாப் பாத்து மட்டும் அழியுது. எனக்கொண்ணுமில்லீங்க, நாளைக்கு நாலு பேரு வேற மாதிரி பேசுவாங்கல்ல? தப்பு நடந்தா யாருதுன்னு தெரியோணும்."

அவள் முகம் எரிந்தது. பதினைந்து வருஷமாக ஒரு எழுத்துப் பிழைக்குக் கூட யாரும் குறை சொல்லாத கை அது. வயிற்றெரிச்சலில் பெரிய வீட்டுப் பெண்களை அழிக்கிறாள் என்று வாய்விட்டுச் சொல்லாமலே சொல்லிவிட்டார். ரசீதில் போடப் பெயர் இல்லை. பழி போட மட்டும் பெயர் இருந்தது.

அந்தப் பதினொன்றில் சாமியாத்தாளின் மகளும் ஒன்று. சாமியாத்தாளுக்குச் சோமனூரில் அறுபது விசைத்தறி. சின்னத்தாயியின் வீட்டுக்காரன் காளிச்சாமி தறி ஓட்டுவதும் அங்கேதான். ஆனால் டைப்பிஸ்டம்மா யார் என்று சாமியாத்தாளுக்குத் தெரியாது. முதல் தடவை பதிந்தது காணாமல் போய், அதையே மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்றால் கேட்காமல், புதுப் போட்டோவோடு நேரிலேயே வந்து இரண்டாம் தடவை பதிந்தார். அதுவும் போனது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வரன் அறிமுக விழா. சனிக்கிழமை கம்ப்யூட்டரிலிருந்து வரன் புத்தகம் அச்சாக வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்றாம் தடவையாக வருகிறேன் என்று சாமியாத்தாள் போன் செய்திருந்தார்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா, திங்கக்கெழமை நீங்க வர வேண்டாமுங்க" என்றார் சுப்பண்ணன். 'ங்க' போட்டுத்தான் சொன்னார். கொங்கு நாட்டில் வேலையை விட்டு அனுப்புவதும் மரியாதையாகத்தான் நடக்கும்.

வியாழக்கிழமை காலை சின்னத்தாயி பதினோரு ரசீதின் கார்பன் நகலையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். பக்கத்தில் தன் நோட்டை வைத்தாள். கோர்ட்டுக்கு எதிரே பொய் சொல்கிற வக்கீலை எப்படிப் பிடிப்பாளோ அப்படியே ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். டாக்டர் பெண், வெள்ளிக்கிழமை: அவள் அடிக்க ஆரம்பித்தது நோட்டுப்படி பத்து நாற்பத்திரண்டு. ரசீதில் பதிவு நேரம் பத்து இருபத்தொன்று. அடுத்தது, செவ்வாய்க்கிழமை: ஆரம்பித்தது மூன்று பத்து, பதிந்தது இரண்டு ஐம்பது. பதினொன்றும் அப்படியே. ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே முடிந்திருந்தன. பஸ்ஸில் வந்தவர்களின் நகல்களை எடுத்துப் பார்த்தாள். முன்னால் ஆரம்பித்துப் பின்னால் முடிந்து, ஒழுங்காக இருந்தன.

கிருபாசங்கருக்குப் போன் போட்டாள்.

வந்தவன் நோட்டையும் ரசீதுகளையும் பார்த்தான். "மணிய யாருங்கக்கா மாத்துனது?"

"சாருதானுங்க. நல்ல நேரம் வெப்பாரு."

"இத ஏனுங்க நீங்க ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலை?"

"சந்தனம் வெக்கறதயும் சொல்லலீங்க தம்பி. சாமி காரியம்னு நெனச்சமுங்க."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு பொய்ப் பெயரில் பதிந்து, மணியைத் திருப்பி, சேவ் அமுக்கினான். சுபம். மூடித் திறந்தான். வெறும் எண். மணியைத் தொடாமல் இன்னொன்று பதிந்தான். நின்றது. அதற்கப்புறம் 'பேஸிக்கலி' வரவே இல்லை.

"புதுசுன்னு நீங்க அமுக்குன உடனே, நம்பரோட ஒரு வெத்து ஆப்ஜெக்ட் மொதல்ல உள்ள போயி உக்காந்துக்குமுங்க. அது போன மணி அதுலயே இருக்கும். நீங்க எல்லாம் அடிச்சுச் சேவ் பண்றப்ப, உள்ள இருக்கறது புதுசா, இப்ப வாரது புதுசான்னு மணிய வெச்சுப் பாக்கும். சார் ரூம்ல ஒரு மெஷின் இருக்குதுல்லீங்க, அங்கிருந்து பழசு வந்து புதுசு மேல ஏறிடக்கூடாதுன்னு அப்பிடி வெச்சேன். மணி பின்னால போயிட்டா, வாரது பழசுன்னு நெனச்சுத் தள்ளிப்போடும்."

"அப்ப ரசீது மட்டும் எப்பிடிங்க சரியா வருது?"

"ரசீது திரையில இருக்கறத வெச்சு அடிக்குதுங்க. உள்ள போச்சான்னு அதுக்குத் தெரியாது."

"தள்றப்ப ஒரு வார்த்த சொல்லாதுங்களா?"

"சொல்லிட்டுத்தான் இருந்துச்சுங்க. சார்தான் எடுக்கச் சொன்னாரு."

சின்னத்தாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப, பேரும் ஊருமா வந்து நிக்கற பொண்ண வாசல்லயே திருப்பி அனுப்பிப்போட்டு, பேரில்லாத நம்பர உள்ள உக்கார வெச்சிருக்குது. அதுக்கு வெளக்கு வேற."

இதைச் சுப்பண்ணனிடம் சொல்லுங்கள் என்றாள். கிருபாசங்கர் கண்ணாடி அறையைப் பார்த்தான். அடுத்த வெர்ஷனில் கட்டாயம் திருத்தித் தருகிறேன், இப்போதே திருத்தினால் கம்பெனி பேர் கெட்டுவிடும் என்று முணுமுணுத்தான். போகும்போது சர்வீஸ் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்: 'மெஷின் நல்ல நிலையில் உள்ளது. ஆபரேட்டர் கவனமாக இருக்கவும்.' எழுதும்போது அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்க்காமல் எழுதுகிற அளவுக்காவது வெட்கம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை. சாமியாத்தாள் வீட்டிலிருந்து ஒன்பதரைக்கே கிளம்பினார். மாடிப்படி ஏறும்போது பத்தே முக்கால். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கே தொடங்கிவிடுகிறது.

"ஏனுங்கண்ணா, மறுக்கா இப்பிடி ஆகிப்போச்சு" என்றார் சாமியாத்தாள்.

"நான் இருக்கறனுங்க அம்மணி" என்றார் சுப்பண்ணன்.

சின்னத்தாயி அடித்தாள். மூன்றாம் தடவை என்பதால் பெண்ணின் ராசி, நட்சத்திரம், நான்கு தலைமுறைக் கூட்டம் எல்லாம் விரலுக்கே தெரிந்திருந்தது. அடித்து முடித்ததும் சுப்பண்ணன் எழுந்து வந்தார். அவள் எழவில்லை.

"சார், இன்னிக்கு ஒரு நாளைக்கு மணியத் தொடாம உட்ரலாமுங்களா? அத மாத்துனாத்தான் போகுதுங்க."

சுப்பண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நல்ல நேரம் வெச்சாக் கெட்டுப் போகுதுங்கறயா? எவளாச்சும் பகுத்தறிவு பேசற எடமாம்மா இது? எந்திரி."

எழுந்தாள். மணி பத்து இருபத்து நான்கு ஆனது. சேவ். சுபம். குத்துவிளக்கு எரிந்தது. சாமியாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ரசீதைக் கண்ணில் ஒற்றிப் பைக்குள் வைத்தார். சுப்பண்ணன் அவரோடு கார் வரை இறங்கிப் போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் சின்னத்தாயி மணியைச் சுவர்க் கடிகாரத்துக்குச் சரியாகத் திருப்பினாள். எண்ணைத் திறந்தாள். நினைத்தபடியே வெறுமையாக இருந்தது. கார்பன் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து அடித்தாள். மணி பதினொன்று முப்பத்தைந்து. ராகு காலம் நடு வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த நேரம். சேவ் அமுக்கினாள். மூடித் திறந்து பார்த்தாள். பெண் பெயரும் ஊருமாக உள்ளே இருந்தாள். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தில் சாமியாத்தாளின் மகள் பதினேழாம் பக்கத்தில் வந்தாள். அதைப் பார்த்துத்தான் பல்லடத்துக் குடும்பம் ஒன்று நெருங்கி வந்தது. அடுத்த வாரம் பெண் பார்த்தார்கள். அதற்கடுத்த முகூர்த்தத்தில் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்தாயிற்று. சுப்பண்ணன் எல்லோரிடமும் நல்ல நேரத்தின் மகிமையைச் சொன்னார். சின்னத்தாயி திங்கட்கிழமையும் வேலைக்கு வந்தாள். தப்பு யாருடையது என்று அதற்கப்புறம் யாரும் தேடவில்லை. காணாமல் போனால்தான் ஆள் தேவை, கிடைத்துவிட்டால் யார் கிடைக்க வைத்தது என்ற கேள்வியே எழுவதில்லை.

ஆடி பிறப்பதற்கு முன்னால் சாமியாத்தாள் தட்டு நிறையப் பழமும் பத்திரிகையுமாக வந்தார். "அண்ணா, அந்த ரசீதுல காப்பி கொட்டிப்போட்டேன். இன்னொண்ணு அடிச்சுக் குடுங்க. அந்த நேரம் போட்டத ஆல்பத்துல மொதப் பக்கம் ஒட்டோணும்."

"அதுக்கென்னுங்க. ஏனுங்க டைப்பிஸ்டம்மா, அம்மணிக்கு ஒரு காப்பி" என்றார் சுப்பண்ணன், ஊரே கேட்கிற மாதிரி.

சின்னத்தாயி ஒரு நிமிஷம் தயங்கினாள். இந்தத் தடவை திரையில் இருப்பதை அல்ல, உள்ளே இருப்பதைத்தான் அது அடிக்கும். "அடிக்கட்டுங்களா சார்?" என்று கேட்டாள்.

"அடிங்க, அடிங்க."

அடித்தாள். சுப்பண்ணனே காகிதத்தைக் கிழித்தெடுத்தார். புன்னகையோடு கீழ் வரிக்கு வந்தவர் அங்கேயே நின்றார். 'பதிவு நேரம்: வெள்ளிக்கிழமை, காலை 11.35.' அவர் சின்னத்தாயியைப் பார்த்தார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரிப்பன் மங்கிப்போச்சுங்க அம்மணி. நல்லா அடிச்சு நானே ஊட்டுக்குக் கொண்டாந்து தாரேன்" என்று காகிதத்தை நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

சாமியாத்தாள் போன பிறகு கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். சின்னத்தாயி நோட்டோடு போனாள். பொறுமையாக, பக்கம் பக்கமாகக் காட்டினாள். அழிந்த ஒவ்வொரு வரனையும் அவள் திரும்ப அடித்து ஏற்றியது கூட்டம் இல்லாத நேரத்தில்தான். கூட்டம் இல்லாத நேரம் எது? பார்ட்டிகள் அதிகம் எட்டிப் பார்க்காத ராகு காலமும் எமகண்டமும்தான்.

"இது வரைக்கும் முடிஞ்ச பெரிய எடத்துக் கல்யாணம் ஆறுங்க சார். ஆறும் ராகு காலத்துல ஏறுனதுங்க. நீங்க வெச்ச நேரத்துல ஏறுனது ஒண்ணு கூட உள்ள நிக்கலீங்க."

சுப்பண்ணன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இது வெளிய தெரியோணுமா அம்மணி?"

அவளை அவர் அம்மணி என்றது அதுதான் முதல் தடவை.

"நான் எதுக்குங்க சொல்றேன்? ரசீதுதானுங்க சொல்லுது. அந்த நேரம் போட்ட வரிய எடுத்துப்போடச் சொல்லுங்க."

"எடுத்துப்போட்டாக் கீழ வெறுமையா இருக்குமே. அந்த எடத்துல என்ன போடறது?"

"பதிவு செய்தவர்னு போட்டு, எம் பேரப் போடச் சொல்லுங்க."

சுப்பண்ணன் வாயைத் திறந்தார்.

"தப்பு நடந்தா யாருதுன்னு தெரியோணுமில்லீங்களா சார்?" என்றாள் சின்னத்தாயி, மிகவும் மரியாதையாக.

கிருபாசங்கர் வந்து பத்தே நிமிஷத்தில் அந்த வரியை மாற்றிக் கொடுத்தான். அடுத்த வெர்ஷனுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சுப்பண்ணன் கம்ப்யூட்டர் மணியைத் தொடுவதை அன்றோடு விட்டார். அதற்குப் பதிலாகப் பெரிய இடத்துக்காரர்கள் வரும்போது ஸ்டூல் போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். சின்னத்தாயி கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஆவணியில் மகளின் கல்யாணம் முடிந்த கையோடு, தம்பி மகனைப் பதிய வந்தார் சாமியாத்தாள். "உங்க கை ராசியான கைங்கம்மா. நீங்களே பதிஞ்சுபோடுங்க" என்று சின்னத்தாயிக்கு எதிரே உட்கார்ந்து, மல்லிகைப் பூ ஒரு முழம் எடுத்துக் கொடுத்தார். பதிவு முடிந்தது. சுபம். ரசீதை வாங்கிக் கடைசி வரி வரை படித்தார்.

"பதிவு செய்தவர் சின்னத்தாயின்னு போட்டிருக்குதுங்க. யாருங்க அது?"

கண்ணாடி அறைக்குள் சுப்பண்ணன் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"நானுங்க. உங்க தறிக்கூடத்துல காளிச்சாமி இருக்காருல்லீங்க, அவரு ஊட்டுக்காரி."

சாமியாத்தாள் அவளைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். ரசீதைப் பார்த்தார். கிழித்துப்போட முடியாது, ராசியான கை என்று சொன்னது அவரே. அந்தக் கை பதிந்துதான் மகள் இப்போது பல்லடத்தில் குடித்தனம் நடத்துகிறாள்.

"அப்பிடியா" என்றார். பையை எடுத்துக்கொண்டு, "சரி, அடுத்த மாசம் எம் பெரிய பையனுக்கு வாரேன். நீயே பதிஞ்சுபோடு" என்றார்.

இவ்வளவு நேரம் வார்த்தைக்கு வார்த்தை இருந்த 'ங்க'வைக் காணவில்லை. பன்னிரண்டாவதாகக் காணாமல் போனது அது. அதை மறுபடி ஏற்ற எந்த நோட்டும் இல்லை என்று சின்னத்தாயிக்குத் தெரியும்.

"வாங்க, பதிஞ்சு தாரேனுங்க" என்றாள். சாமியாத்தாள் ரசீதை நாலாய் மடித்துப் பைக்குள் வைத்தார். கடைசி வரியில் இருந்த பெயர் மடிப்புக்குள்ளே பத்திரமாகப் போனது.